வானத்தில் ஒரு மடிப்பு

மாணிக்கவாசகத்தோடு உட்கார்ந்து படம் பார்ப்பது ஒரு தண்டனை. மகாராஜா சிம்மாசனத்தில் இருந்து நீதி சொல்லிக்கொண்டிருப்பார். இவன் விலாவில் இடித்து, "தோளைப் பாரு, அம்மை குத்துன தழும்பு" என்பான். அதற்குப் பிறகு அந்த ராஜாவின் தோளைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. காட்டில் வழி தெரியாமல் கலங்கும் ராணியின் காலில் ரப்பர் செருப்பின் தடம் இருக்கும். புயலில் எல்லா மரமும் ஒரு பக்கம் சாயும், ஒரு வாழை மட்டும் எதிர்ப்பக்கம் சாயும். அவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. தொழில் அப்படி. மாத்தளையில் எங்கள் தியேட்டருக்கு முன்னால் நிற்கும் பெரிய துணி பேனர்களை வரைபவன் அவன்தான்.

இருளாண்டிக்கு இது ஆகாது. "நீ படம் பாக்க வர்றியா, பிழை புடிக்க வர்றியா? வாயில மண்ணப் போட்டுக்கிட்டுப் பாருடா" என்பான்.

நான் அந்தத் தியேட்டரில் ஆபரேட்டர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, வாப்பாவின் கருவாட்டுக் கடையிலும் நிற்க முடியாமல், பதினெட்டு வயதில் மெஷின் ரூமுக்குள் போனவன். இருளாண்டி ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை விட்டதும் குளிக்காமல்கூட பஸ் ஏறிவிடுவான். மெஷின் ரூம் கதவைத் திறந்தால் முதலில் வருவது பச்சைக் கொழுந்து வாடை, பிறகுதான் அவன்.

ஞாயிறு பத்தரை ஷோவுக்குப் பழைய படம் போடுவது வழக்கம். பத்து வருஷம், பதினைந்து வருஷம் முந்தியவை. புதுப் படங்கள் கொழும்பைத் தாண்டி எங்களுக்கு வந்து சேர்வதற்குள் அவையும் பழையவையாகிவிடும் என்பதால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் எல்லாப் படமும் மனப்பாடம். யார் எந்த இடத்தில் அழுவாள், எந்தப் பாட்டு முடியும்போது பிலிம் அறுந்து கூட்டம் கூச்சல் போடும் எல்லாம் தெரியும். புதிதாக ஒன்றும் நடக்காது என்பது தெரிந்துதான் போனோம். வாரத்தின் மற்ற ஆறு நாளில் நடந்தவை போதும்.

1970 மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருளாண்டி வந்ததும் திரையைப் பார்க்கவில்லை. சட்டைக்குள் இருந்து நாலாக மடித்த ஒரு பாரத்தை எடுத்து ரீவைண்டர் மேசையில் வைத்தான்.

"ரவூப்பு, கம்மாய்ப் படம் இப்ப எங்க இருக்கும்?"

"எந்தக் கம்மாய்ப் படம்?"

"எங்கப்பன் எந்திரிச்சு நின்னு கத்துனாரே, அந்தப் படம்."

அந்தப் படத்துக்கு வேறு பெயர் உண்டு. தோட்டத்து ஆட்கள் கம்மாய்ப் படம் என்றுதான் சொல்வார்கள். பட்டணத்தில் படித்த கதாநாயகன் ரயிலில் ஊருக்குத் திரும்பி வருகிறான். ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் போர்டு, பனைமரம். அடுத்து ஒரு பெரிய கண்மாய், கரையில் ஐயனார் கோயில் மண்குதிரை. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் வழக்கமான கதை. 1953இல் முதல் தடவை மாத்தளையில் ஓடியபோது இருளாண்டியின் அப்பா வீரணன், மகனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கண்மாய் திரையில் வந்ததும் கேலரி பெஞ்சில் ஏறி நின்று, "டேய், அந்தா நம்ம ஊரு! அந்தா குதிரை! அந்தா கம்மாய்!" என்று கத்தியிருக்கிறார். பின்னால் இருந்தவர்கள் கடலைத் தோலை வீசி அவரை உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் படம் எப்போது வந்தாலும் வருவார். கண்மாய் வரும்வரை இருப்பார். அது போனதும் எழுந்து போய்விடுவார்.

வீரணன் நாலு வயதில் கங்காணி ஒருவனின் ஆட்களோடு இந்தியாவிலிருந்து வந்தவர். வந்த வருஷமே தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அவருக்கு ஊர் என்றால் ஒரு கண்மாயும் ஒரு மண்குதிரையும்தான். பெயர் தெரியாது. கங்காணியின் பேரேடு இருந்தால் அதில் இருந்திருக்கும். கங்காணி வீட்டார் எப்போதோ தோட்டத்தை விட்டுப் போனபோது அதுவும் போய்விட்டது.

மேசையில் கிடந்தது இந்தியப் பிரஜா உரிமைக்கு எழுதிக் கொடுக்கும் பாரம். அதில் அந்தக் கேள்விதான் இருந்தது. இந்தியாவில் பூர்வீகக் கிராமம், தாலுகா, ஜில்லா.

"சித்திரைக் கடைசிக்குள்ள குடுக்கணும்" என்றான் இருளாண்டி. "அதுக்கு அப்புறம் வாங்க மாட்டாங்களாம். வெறுமையா விட்டா திருப்பி அனுப்பிருவாங்கன்னு கணக்கப்பிள்ளை சொல்றாரு."

"எதுக்குடா இந்தியாவுக்கு எழுதுற?" என்றான் மாணிக்கவாசகம். "இங்கேயே எழுதிக் குடு."

"அப்பன் ரெண்டு தடவை எழுதிக் குடுத்தாரு. நீ இங்க இருந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டான். அவரு முதுகைக் காட்டுனாரு. அத வச்சுக்கிட்டுப் பிரஜா உரிமை குடுப்பானா?" அவன் பாரத்தைத் தட்டினான். "எப்பவாவது கழுத்தப் புடிச்சுத் தள்ளத்தான் போறான். போறதுதான் போறோம், நம்ம ஊருக்குப் போவோம். வீரணன் மகனான்னு கேக்க ஒரு ஆளாவது இருக்கும். ஊரு பேரு தெரியாதவன எங்கயாவது காட்டுல கொண்டுபோய் எறக்குவான்."

"பேருக்கு என்ன செய்வ?"

"அதான் படத்துல போர்டு இருக்கே."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "அப்பனுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அப்பப் பதினொரு வயசு, எழுத்துக்கூட்டுறதுக்குள்ள போயிருச்சு. அப்புறம் வந்த பிரிண்டுல போர்டே வரல. ஒரு தடவை பாத்தாப் போதும் ரவூப்பு."

எங்கள் முதலாளி ஜைனுதீனுக்கு ஞாயிறு பத்தரை ஷோவுக்கு எந்தப் படம் ஓடினாலும் ஒன்றுதான். கொழும்பு ஏஜெண்டுக்குக் கடிதம் போட்டார். அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரிண்ட். அது சுற்றிச் சுற்றி எங்களிடம் வர ஐந்து வாரம் ஆனது. பங்குனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் ரயிலில் தகரப் பெட்டிகள் வந்து இறங்கின. பெட்டி முழுக்க ஊர் ஊராக ஒட்டிய சீட்டுகள். இரண்டு பேரும் வேலைக்குப் போகாமல் வந்துவிட்டார்கள்.

பழைய பிரிண்டை அப்படியே மெஷினில் ஏற்றக் கூடாது. ரீலை ரீவைண்டரில் போட்டு மெதுவாகச் சுற்றி, பிலிமின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் ஓடவிட வேண்டும். கிழிசல் எங்கே, ஒட்டு எங்கே, பல்லுப் போன துளை எங்கே என்று விரல் சொல்லும். கண் வேண்டியதில்லை. ஒட்டு தளர்ந்திருந்தால் வெட்டி, சுரண்டி, சிமெண்ட் தடவி மறுபடி ஒட்டுவோம். ஒவ்வொரு ஒட்டிலும் படம் கொஞ்சம் குறையும். அந்தப் பிரிண்டில் ஒட்டு ஒட்டாகத் தடுக்கியது. பதினேழு வருஷத்தில் எத்தனை ஆபரேட்டர்கள் கை வைத்தார்களோ.

மூன்றாவது ரீலில்தான் ஸ்டேஷன் வரவேண்டும். இருளாண்டி என் தோளுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான். ரயில் பெட்டிக்குள் கதாநாயகன் உட்கார்ந்திருக்கும் கட்டங்கள் போயின. விரலில் ஒரு ஒட்டு தடுக்கியது. நிறுத்தினேன். அதற்கு அடுத்த கட்டத்தில் கண்மாய் வந்துவிட்டது. ஸ்டேஷன் இல்லை.

"சுத்து, சுத்து, முன்னுக்குப் பாரு" என்றான்.

நான் அந்த ஒட்டைத் தடவிக்கொண்டே இருந்தேன். ஒரு முனை கொஞ்சம் சாய்வு. ஒட்டு தேவைக்கு மேல் அகலம். மொட்டைச் சுரண்டியை வைத்துக்கொண்டு அவசரத்தில் ஒட்டினால்தான் அப்படி வரும். எங்கள் மெஷின் ரூமில் வெகுநாள் மொட்டைச் சுரண்டிதான் இருந்தது.

"இது என்ட ஒட்டு" என்றேன்.

"என்னது?"

"நான்தான் வெட்டினேன்டா. ஒண்ட அப்பாவுக்கு."

அப்போதுதான் எனக்கும் முழுதாக ஞாபகம் வந்தது. 1961. வீரணன் ஒரு நாள் மெஷின் ரூம் படியேறி வந்தார். கையில் ஒரு பொட்டலம் தேயிலைத் தூள், ஃபேக்டரியிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்தது. "தம்பி, எங்க ஊருல ஒரு துண்டு வெட்டிக் குடுங்க" என்றார். எந்த இடம் என்றேன். கண்மாயைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். "பேரு எழுதியிருக்கிற எடம்" என்றார். படிக்கத் தெரிந்த ஆள் யாரிடமாவது காட்ட நினைத்தாரோ என்னவோ. போர்டு வரும் இடத்தில் ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன், பெயரைப் படித்துப் பார்க்கவில்லை. மிச்சம் இருந்த ஸ்டேஷன் காட்சி சிராய்த்துக் கிடந்ததால் அதையும் வெட்டிக் கூடையில் போட்டுவிட்டு ஒட்டினேன். தூள் நல்ல தூள்.

இருளாண்டி அடிப்பான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வெத்தலைப் பெட்டி!" என்றான். "அப்பன் செத்தப்போ அந்தப் பெட்டிய நான்தான் வேணும்னு வச்சுக்கிட்டேன். அழகம்மா அதுலதான் ஊசி நூலு போட்டு வச்சிருக்கா. அதுல ஒரு பிலிம் துண்டு கெடந்துச்சுடா. புள்ளைங்க வெளையாடுற சாமான்னு நெனச்சேன்."

அன்றைக்கே ரத்தோட்டை பஸ் ஏறினோம். அங்கிருந்து நடை. மேலே போகப் போகப் பனி இறங்கி எதிரே வருபவன் தெரியவில்லை, அவன் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது வெயில் வந்திருந்தது. இருளாண்டியின் மனைவி அழகம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டு நின்றாள். ஒல்லியான பெண். பேச்சு நேராக வரும்.

"மூணு பேரும் வேலையத்துப் போய் வந்திருக்கீங்க, யாரு செத்தது?"

"பெட்டிய எடு" என்றான் இருளாண்டி.

பெட்டியில் ஊசி, நூல்கண்டு, பொத்தான்கள், ஒரு உடைந்த சீப்பு. அடியில் பிலிம் துண்டு சுருண்டு கிடந்தது. ஒரு முழத்தில் அரை முழம்கூட மிச்சமில்லை. சின்ன மகள் வளையல் செய்யப் பாதியை வெட்டியிருந்தாள். இன்னொரு பக்கம் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டு வெந்து வெள்ளையாகியிருந்தது. நடுவில் ஆறு கட்டங்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

இருளாண்டி அதை லயத்து வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்தான். உதடு அசைய எழுத்துக்கூட்டினான்.

"செ... வ்... செவ்வ... ந்தி... யூர். செவ்வந்தியூர்." மறுபடி சொன்னான். "செவ்வந்தியூர்டா! எங்க ஊரு செவ்வந்தியூர்!"

அப்படியே வடிகான் ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டான். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

மாணிக்கவாசகம் துண்டை வாங்கிப் பிடித்துப் பார்த்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, நெடுநேரம். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ராஜாவின் தோளைப் பார்க்கிற பார்வை. இப்போது வாயைத் திறப்பான் என்று காத்திருந்தேன். அவன் திறக்கவில்லை. துண்டை என்னிடம் கொடுத்தான்.

போர்டில் எழுத்து பெரிதாக, அழகாக இருந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே வலதுபக்கமாகக் கறுப்பு நிழல் கொடுத்து எழுதியிருந்தது. பேனரில் மாணிக்கவாசகம் எழுதுவது போலவே. தமிழில் மட்டும் எழுதியிருந்தது, வேறு பாஷை இல்லை. போர்டுக்குப் பின்னால் ஒரு பனைமரம், அதற்குப் பின்னால் வானம். வானத்தின் இடது மூலையிலிருந்து ஒரு கோடு சாய்வாக இறங்கி வந்தது. சிராய்ப்பு என்று நினைத்தேன். சிராய்ப்பு என்றால் கட்டத்துக்குக் கட்டம் இடம் மாறும். இது ஆறு கட்டத்திலும் அதே இடத்தில் இருந்தது. பனைமரத்தின் கழுத்து அந்தக் கோட்டில் பட்டு லேசாக உடைந்து மறுபடி தொடர்ந்தது.

துணி. மடித்து வைத்திருந்த துணியை விரித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மடிப்பு போகவில்லை.

"நானா" என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள் அழகம்மா. அவள் கணவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "இவரு சொல்றத விடுங்க. படத்துல வர்ற ஊருக்கா நான் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போறது? நீங்கதான் படம் ஓட்டுறவரு. சொல்லுங்க, இது நெசமான ஊரா?"

இருளாண்டி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"போர்டுல எழுதிக் கிடக்குதே" என்றேன்.

அவள் பெட்டியை மூடிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு தேத்தண்ணி வந்தது. குடித்தோம்.

ரத்தோட்டைக்கு இறங்கி வந்தோம். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் மாணிக்கவாசகம், "மடிப்பப் பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்."

"நிழல் குடுத்து எழுதியிருக்கான் மடப்பய. எந்த ரயில்காரன் நிழல் குடுத்து எழுதுவான்? பேரு வேற செவ்வந்தியூரு. கதை எழுதுறவன் வைக்கிற பேரு. ஆயிரத்துல ஒரு ஊருக்குக்கூட அப்படிப் பேரு இருக்காது."

"நீ சொல்லியிருக்கலாமே. எல்லாத்துக்கும் வாயத் தொறக்கிற ஆள்."

"ஒங்கிட்டத்தானே அந்தம்மா கேட்டுச்சு."

"கம்மாய் நெசமா இருக்கலாம். குதிரை நெசமா இருக்கலாம்."

"ஸ்டூடியோவுக்குப் பக்கத்துல உள்ள கம்மாயா இருக்கும்" என்றான். "விடு. வெறுமையாக் குடுத்தாத் திருப்பி அனுப்புவான். ஏதாவது ஒரு பேரு வேணும். அங்க போனதும் விசாரிச்சு எறக்கிவிடுவாங்க."

இருளாண்டியின் மனம் நோகக் கூடாது என்று பேசாமல் இருந்தோம் என்று நான் எழுதினால் அது பொய். கெட்ட செய்தியைச் சொல்லும் வேலை யாருக்கும் பிடிக்காது, அவ்வளவுதான். நான் வெட்டிப் போட்ட துண்டு வேறு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. ரயிலில் உட்கார்ந்திருந்தவன் திடீரென்று கண்மாய்க் கரையில் நின்றான். கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. இருளாண்டி மெஷின் ரூம் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அந்தா குதிரை" என்று மெல்லச் சொன்னான். பக்கத்தில் மாணிக்கவாசகம் நின்றான். படம் முடியும்வரை ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருளாண்டி இருக்கும்போது அவன் எந்தப் படத்திலும் பிழை சொன்னதில்லை. இருளாண்டி அதைக் கவனிக்கவும் இல்லை. "இப்பத்தான் ஒனக்குப் படம் பாக்கத் தெரிஞ்சிருக்கு" என்றான்.

பாரத்தை அன்று மத்தியானம் மெஷின் ரூமில் வைத்து நிரப்பினோம். இங்கிலீஷில் எழுத வேண்டியிருந்ததால் மாணிக்கவாசகம் எழுதினான். பேனர் எழுதும் கை, எழுத்து அச்சு மாதிரி விழுந்தது. கிராமம், செவ்வந்தியூர். ஜில்லா என்னவென்று கேட்டான்.

"அப்பன் வறண்ட சீமைன்னு சொல்லுவாரு."

"அப்ப ராமநாதபுரம்" என்று எழுதினான். தாலுகாவுக்கும் அதையே எழுதினான்.

அந்தப் பெயரைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எங்காவது ஒரு அலுவலகத்தில் யாராவது ஒருவர் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன். நாலு வருஷம் காத்திருந்தேன்.

அந்த நாலு வருஷத்தில் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றானது. அரிசியும் மாவும் இல்லாமல் மரவள்ளியும் காட்டுக் கிழங்கும் தின்றார்கள். அழகம்மாவுக்கு மூன்றாவதாகப் பிறந்த ஆண்பிள்ளை ஒன்பது மாதம் இருந்தது. இருளாண்டி ஞாயிற்றுக்கிழமை வருவது குறைந்து, நின்றது. பிறகு 1974 ஆவணியில் ஒரு நாள் வந்தான். முகத்தில் எலும்புதான் இருந்தது. பாஸ்போர்ட் வந்துவிட்டது என்றான். குடும்ப அட்டையை விரித்துக் காட்டினான். பெயர், வயது, பிள்ளைகள். பூர்வீகக் கிராமம் என்ற இடத்தில் செவ்வந்தியூர் என்று டைப் அடித்திருந்தது. மேலே முத்திரை.

"அடிச்சே குடுத்துட்டான் பாரு" என்றான். "அப்பன் இருந்திருந்தா இதக் கையில வச்சுக்கிட்டுத் தூங்குவாரு."

மாணிக்கவாசகம் என்னைப் பார்த்தான். நான் மெஷின் விளக்கில் கார்பன் குச்சியை மாட்டிக்கொண்டிருந்தேன். மாட்டி முடித்த குச்சியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.

மாத்தளை ஸ்டேஷனில் வழியனுப்பினோம். கண்டிக்குப் போய் அங்கிருந்து தலைமன்னார் கோச்சி, கப்பலடிக்குப் போகும் ரயில். அந்த நாட்களில் அந்தக் கோச்சியை அழுகைக் கோச்சி என்பார்கள். மேடையில் தோட்டத்து ஜனம் தரையில் விழுந்து கத்தியது. இருளாண்டி மட்டும் அழவில்லை. தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து மகள்களிடம், "ரயில்ல தூங்கிறக் கூடாது. போர்டப் படிச்சுப் பாத்து எறங்கணும். செ... வ்... செவ்வந்தியூர். சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பெரியவள் சொன்னாள். அழகம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி அசைந்தபோது என் பக்கம் திரும்பினாள்.

"போயிட்டு வர்றேன் நானா" என்றாள். திரும்பி வருவதற்கு அவர்களிடம் ஒரு காகிதமும் இல்லை.

முதல் கடிதம் அடுத்த தை மாதம் வந்தது. மண்டபம் முகாமில் பட்டியலைப் புரட்டிப் பார்த்தார்களாம். அப்படி ஒரு ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில் இல்லையாம். பெயர் மாறியிருக்கலாம் என்று ஒரு குமாஸ்தா சொன்னானாம். இருளாண்டி தானே தேடிக் கிளம்பியிருக்கிறான். மண்குதிரை நிற்கும் ஊர்களுக்கெல்லாம் போயிருக்கிறான். "இங்க எல்லா ஊருலயும் கம்மாய் இருக்கு. எல்லாக் கம்மாய்லயும் குதிரை இருக்கு" என்று எழுதியிருந்தான். கடைசியில் ஒரு கேள்வி. "படத்துல அவன் ஸ்டேஷன விட்டு வெளிய வந்து எந்தப் பக்கமா நடக்கிறான்? எவ்வளவு தூரம் நடந்ததும் கம்மாய் வருது? நல்லா யோசிச்சு எழுது. நீதான் அத முழுசாப் பாத்தவன்."

கடிதத்தை மாணிக்கவாசகத்திடம் காட்டினேன். அவன் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே படித்தான்.

"எழுதிரு" என்றான்.

"நீ எழுது. ஒண்ட எழுத்துத்தான் நல்ல எழுத்து."

"ஒனக்குத்தானே எழுதியிருக்கான்."

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு எழுதினேன். மூன்று வரி. அது ஊர் இல்லை, துணி. வானத்தில் மடிப்பு இருக்கிறது. நானும் மாணிக்கமும் அன்றைக்கே பார்த்தோம்.

பதில் உடனே வரவில்லை. வந்தபோது திட்டு ஒன்றும் இல்லை, அது எனக்கு வசதியாக இல்லை. மலைக்காட்டில் மரம் நடும் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அங்கே இவர்களை சிலோன்காரன் என்கிறார்களாம். இங்கே இந்தியாக்காரன் என்றார்கள். பிறகு இப்படி எழுதியிருந்தான்.

"நீ எழுதுறதுக்கு முந்தியே எனக்குத் தெரியும். ஒரு தேத்தண்ணிக் கடையில கெழவன் ஒருத்தன் சிரிச்சான், அது படத்துல வர்ற ஊராச்சேன்னு. அழகம்மா அன்னைக்கு லயத்துலயே சொன்னா, அந்த நானா கண்ணப் பாத்துப் பேசலன்னு. அது போகட்டும். பேர மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். அட்டையில இருக்கிறத மாத்த முடியாதாம். பெரியவள மேல்படிப்புக்குச் சேக்க சாதிச் சான்றிதழ் கேக்குறான். அதுக்குப் பூர்வீக ஊரு கர்ணம் கையெழுத்துப் போட்டுத் தரணும். செவ்வந்தியூருக்குப் போய்க் கர்ணத்துக்கிட்ட வாங்கிட்டு வான்னு தாலுகா ஆபீஸ்ல அனுப்புறான். அப்படி ஊரே இல்லங்கன்னா, அப்ப அட்டை பொய்யா, நீ யாருன்னு கேக்குறான். மாணிக்கத்துக்கு எழுத்து நல்லா வரும். செவ்வந்தியூர்க் கர்ணம் கையெழுத்தும் சீலும் அவனப் போட்டு அனுப்பச் சொல்லு. ஊரு அவன் எழுதுனதுதானே."

மாணிக்கவாசகம் இரண்டு தடவை படித்தான். அவன் இந்தியாவைப் பார்த்ததில்லை. கர்ணத்தின் சீல் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படங்களில் பஞ்சாயத்துக் காட்சி, சொத்து எழுதி வாங்கும் காட்சி எதிலாவது சீல் வருமா என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பழைய படம் ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினோம். இரண்டு படத்தில் வருகிறது. ஒன்றில் தூரத்தில். இன்னொன்றில் வில்லன் கை மறைக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரைந்தான். ஊதா மை. வட்டம், நடுவில் ஒரு சிங்கத் தூண், சுற்றி எழுத்து. உலர்ந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து. பிறகு, "தூ" என்றான்.

"என்னடா?"

"கை பழக்கத்துல நிழல் குடுத்துட்டேன்."

கிழித்துவிட்டு மறுநாள் மறுபடி வரைந்தான். அதிலும் ஏதோ சரியில்லை என்றான். என்னவென்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. தபால் கட்டும் நேரமாகிவிட்டது. அதையே உறையில் போட்டு நான் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

ஒன்றரை வருஷமாகிறது. கடிதம் வரவில்லை. சீல் செல்லுபடியானதா, பிடித்து உள்ளே போட்டார்களா, தெரியாது. எழுதிக் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை.

போன மாதம் கொழும்பு ஏஜெண்ட் அந்தப் பிரிண்டை மறுபடி அனுப்பினான். சுற்றிப் பார்த்தேன். என் ஒட்டு இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் கிழிந்திருந்ததை வெட்டி ஒட்டினேன். ஞாயிறு பத்தரைக்கு ஓட்டினேன். மாணிக்கவாசகம் வரவில்லை. கேலரியில் பதினாறு பேர் இருந்தார்கள்.